கோச்சியில் ஏறாத துலா

“ஐயா, துலாவை மாமி வீட்டிலையே விட்டிட்டு வந்திட்டம்.”

கொழும்புக்குப் போகும் கோச்சியில், ரயில் பெட்டியில் எனக்கு எதிரே இருந்த பெடியன் தகப்பனிடம் சொன்னான். கிணற்றில் தண்ணீர் அள்ளும் அவ்வளவு நீளமான துலாவை யார் கோச்சியில் ஏற்றுவார் என்று நினைத்தேன்.

“இண்டைக்கு நேரம் சரியில்லை, நேற்று நல்ல நேரத்திலை பயணப் பொருள் ஒண்டாவது வீட்டைவிட்டு வெளிக்கிடட்டும் எண்டு நான்தானே அதை அங்கை கொண்டுபோய் வைச்சனான். காலமை எடுக்க மறந்துபோனன்,” என்றார் தகப்பன்.

“எங்கடை பள்ளிக்கூடத்திலை சோதனைச்சாலை இல்லை. எஞ்சினியர் கல்லூரியிலை இடம் கேக்கேக்கை காட்ட, நான் பலகையிலை செய்த அந்தச் சின்னத் துலா ஒண்டுதான் இருந்தது. நாளைக்குக் காலமை கேள்வி கேக்கப் போகினம். இனித் திரும்பவும் ஏலாது.”

“கீறிக் காட்டு, தம்பி.”

“கேள்வி கேக்கிற வெள்ளைக்காரத் துரைமாருக்குத் துலா தெரியுமோ, ஐயா?”

“தெரியாட்டி நல்லது. பிழை பிடிக்கமாட்டினம்.”

பெடியன் சிரிக்கவில்லை. ஒரு கடுதாசியை மடியில் வைத்து, துலாவின் நெடுமரத்தைக் கீறத் தொடங்கினான். கோடு வளைந்து வளைந்து போனது. அழித்துவிட்டுத் திரும்பக் கீறினான். அதுவும் வளைந்தது.

“கை நடுங்குதோ, தம்பி?”

“இல்லை ஐயா, கோச்சி ஆடுது.”

கோச்சி அப்போது சாவகச்சேரி நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது.