ஊமைமணி கேட்டு

ரயிலுன்னா கறுப்பா செவப்பான்னு நம்ம ஆளுகளுக்குத் தெரியாத காலம். வைகைக்குத் தெக்கே பூலாங்குடின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இப்பவும் இருக்கு. ஆனா அப்ப ஊருக்குள்ள போனா கெழடுகட்டைகளும் நாயுந்தான் கெடக்குமாம். காலு நடக்கிற ஆளு பூராம் ஆட்டுக்குப் பின்னால போயிருக்கும். தை அறுப்பு முடிஞ்சா வடக்கே தஞ்சாவூருச் சீமைக்கு, வயல்ல ராவுக்கு ஆட்டை அடைச்சுக் கெடை போட. மழைக்கு முன்னாடி திரும்பத் தெக்கே. போறதும் வாறதும்தான் பொழைப்பு. ஆட்டு மணிக்குள்ள புல்லைச் சொருகிக்கிட்டே கேளுங்கப்பா, கை சும்மா இருக்க வேணாம்.

அந்த ஊருல சாத்தையா, சாத்தையான்னு ஒருத்தன் இருந்தானாம். நமக்கெல்லாம் பூட்டன் முறை வேணும். மீசை அரும்புன வயசு. ஆளு ஒண்ணும் பெரிய அழகன் இல்லையாம், முன்பல்லு வேற கொஞ்சம் வெளிய நிக்குமாம். ஆனா கொரலு! "ஓஓ... த்தாஆஆ"ன்னு ஒரு கொரலு கொடுத்தான்னா, கம்மாய்க்கு அங்கிட்டு மேயுற ஆடு தலையைத் தூக்குமாம். வாயில வச்ச புல்லை அப்பிடியே போட்டுட்டு ஓடியாருமாம். பக்கத்துக் கெடைக்காரவுக சண்டைக்கு வருவாகளாம். "ஏப்பா சாத்தையா, ஒன் ஆட்டை மட்டும் கூப்பிடப்பா, எங்க ஆட்டையும் சேத்துக் கூப்பிடாத"ம்பாகளாம்.

அவுக அய்யா பூலாண்டி அந்தக் கெடைக்கே தலைமைக் கீதாரி, ஆடு மேய்க்கிற அம்புட்டுப் பேருக்கும் பெரியவரு. அதிகம் பேசமாட்டாராம். அவனுக்கு ஒரு தங்கச்சி, சிட்டாள்னு பேரு. அவ பேசாத நேரம் தூங்குற நேரந்தானாம்.

சிட்டாள் பொறந்ததே ஒரு கதை. அந்த வருசம் மழை முந்திக்கிடுச்சு. கெடை இன்னும் வடக்கதான் நிக்கிது. எங்கிட்டுப் பாத்தாலும் தண்ணி. வயக்காட்டு மேட்டுல ஆட்டுக்குட்டி அடைக்கிற ஓலைக்கூடு ஒண்ணு இருந்துச்சாம். குட்டிகளை வெளிய தள்ளிட்டு அதுக்குள்ள ஆத்தாளைப் படுக்க வச்சாக. அங்கதான் சிட்டாள் பொறந்தா. மழை நிக்கிறதுக்குள்ள ஆத்தா வெறைச்சுப் போயிட்டா. சாத்தையாவுக்கு அப்ப விவரம் தெரிஞ்ச வயசு. கூரை மட்டும் இருந்திருந்தா ஆத்தா பொழைச்சிருப்பான்னு அவன் மனசுல விழுந்திருச்சு. சின்னப்புள்ள மனசுல விழுந்தது லேசுல போகுமா?

தங்கச்சியை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே ஆடு மேச்சானாம். மழை தூறுனா மழைக்குப் போத்துற தன் கொங்காணியைக் கழத்தி அவ தலையில போடுவானாம். ஆத்தா இல்லாத கொறை அவளுக்குத் தெரியாமத்தான் வளத்தான்.

இப்பிடி இருக்கயில, நம்ம சீமைக்குள்ள தண்டவாளம் போட்டுக்கிட்டே வந்தாகளாம். நம்ம போற வார வண்டிப்பாதையைக் குறுக்க வெட்டிக்கிட்டு ரயில் பாதை போச்சு. அந்த எடத்துல ஒரு கேட்டு வச்சாக. கேட்டைத் தொறக்க, மூட ஒரு ஆளு வேணும். அங்க இருந்த மேஸ்திரி ஒருத்தரு சாத்தையா ஆட்டைக் கூப்பிட்டதைக் கேட்டாராம். "அடேயப்பா! வண்டிக்காரனை நிப்பாட்ட இந்தக் கொரலுதான்யா வேணும். வாறியா தம்பி?"ன்னாராம்.

காக்கி உடுப்பு உண்டு. பச்சைத்துணி, செவப்புத்துணி உண்டு. லாந்தரு உண்டு. அதெல்லாம் கெடக்கட்டும். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு உண்டு. ஒத்தை அறைதான், ஆனா செங்கல் சொவரு, மேல ஓடு. சாத்தையா அந்த ஓட்டையே பாத்துக்கிட்டு நின்னானாம்.

ஆட்டை விட்டுப் போகவும் மனசு வரலை. ஓட்டை விட்டுப் போகவும் மனசு வரலை. சுட்டி, சுட்டின்னு ஒரு ஆடு வச்சிருந்தான், நெத்தியில வெள்ளைப் புள்ளி உள்ள ஆடு. தாயில்லாக் குட்டியா எடுத்து, மத்த ஆட்டுக்கிட்ட பால் குடிக்க விட்டு வளத்தது. அதுதான் மந்தைக்கு முன்ஆடு. அது கழுத்துல கெடந்த மணியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே கெடந்தானாம்.

கடைசியில அய்யாகிட்டப் போயி நின்னான். பூலாண்டி கீதாரி என்ன சொன்னாரு தெரியுமா?

"போக வேணாம்னு சொல்லலை. கொரலை மாத்திக் குடுத்துட்டுப் போ."

கொரலை மாத்துறது நம்ம கெடையில ஒரு சீரு. மேய்க்கிறவன் கெடையை விட்டுப் போறான்னா, அடுத்து மேய்க்கிறவன் கூட ஒரே தொரட்டிக்கம்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும். ரெண்டு பேரும் சேந்து கூப்பிடணும். நாளாக நாளாகப் போறவன் தன் கொரலைத் தணிச்சுக்கிட்டே வரணும். ஆடு இவனை விட்டு அவன் கொரலுக்குத் திரும்புற வரைக்கும் நடக்கணும். அதுக்கு ஒரு மாசமும் ஆகும், ரெண்டு மாசமும் ஆகும்.

மேஸ்திரி கேப்பாரா? "நாளைக்கு வந்தா வா. இல்லாட்டி வேற ஆளு நிக்கிறான்"னுட்டாரு.

"நீ போண்ணே, நான் பாத்துக்கிடுறேன். ஓங் கொரலு எனக்கும் வரும். இந்தா கேளு"ன்னு சிட்டாள் ஒரு கொரலு விட்டாளாம். முட்டையிட்ட கோழி கத்துன மாதிரி இருந்துச்சாம். ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாகளாம். அவளே மறுபடியும், "ஆடுதானே, நாலு மாசத்துல ஒன்னை மறந்துரும். நான் மறக்கமாட்டேன். எனக்கு ரயிலைக் கிட்டக்க நிப்பாட்டிக் காட்டணும், சரியா?"ன்னா.

"காட்டுறேன். நீங்க தெக்கே திரும்பி வாறப்ப ஒன்னைய அந்த வீட்டுலயே வச்சுக்கிடுறேன். இனிமே நீ மழையில நனைய வேணாம்"னானாம். விடியுமுன்னே கெளம்பிப் போனான். ஆட்டுக்குக் கேட்டுறக் கூடாதுன்னு துண்டை வாயில அமுக்கிக்கிட்டு அழுதுகிட்டே போனான்ம்பாக.

கெடை வடக்கே போயிருச்சு. இவன் கேட்டுல நின்னான். மொத கோடைமழை பேஞ்சப்போ, ஓட்டு மேல தண்ணி விழுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு முழிச்சே உக்காந்திருந்தானாம். தான் நனையலைங்கிற சந்தோசம் கொஞ்சம்கூட இல்லையாம். பொழுது சாயுற நேரமானா வாயி தன்னால தொறக்குமாம், கூப்பிட ஆடு இருக்காது. ஆனாலும் ஒத்தை அறையில ஒரு மூலைக்குச் சுண்ணாம்பு அடிச்சான். புதுப்பாய் ஒண்ணு வாங்கி விரிச்சு வச்சான். தங்கச்சிக்கு.

அந்த வருசம் கெடை தெக்கே திரும்புச்சு.

ஒரு மத்தியானம். ரயிலு வாற நேரம்னு கேட்டைச் சாத்திட்டு நிக்கிறான். வடக்க புழுதி கெளம்புது. மணிச்சத்தம் கேக்குது. மந்தை வந்து கேட்டுக்கு அங்கிட்டு நின்னுச்சு. முன்னால சிட்டாள். அய்யா குட்டிகளோட பின்னால வாறாரு.

"அண்ணே! நல்லா உருளைக்கிழங்கு கணக்கா ஆயிட்டண்ணே! உடுப்பைப் பாரு, தொரை மாதிரி!"

"ரயிலு வருது தாயி, அங்கிட்டே நில்லு. போனதும் தொறக்குறேன்."

இவன் கண்ணு ஆட்டையே தேடுது. சுட்டி நிமிந்து இவனை ஒரு பார்வை பாத்துச்சு. பாத்துட்டுக் குனிஞ்சு புல்லைக் கடிச்சுச்சாம். காக்கி உடுப்பு, கரிப்பொகை வாடை... அதுக்கு அடையாளம் தெரியலையோ என்னமோ. அவனுக்கு நெஞ்சே வெடிச்சுப் போச்சு.

சிட்டாள் விடுவாளா? "பாத்தியா, நான் சொன்னேன்ல! மறந்துருச்சுண்ணே, ஒன்னை மறந்தே போச்சு!"ன்னு கைகொட்டிச் சிரிச்சாளாம்.

அந்த நேரம் எந்த மனுசனா இருந்தாலும் கூப்பிட்டிருப்பான். நீயா இருந்தாலும் கூப்பிட்டிருப்ப, நானா இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன். சாத்தையாவைத் தப்பாப் பேசுறவன் என் முன்னால உக்கார வேணாம். கேட்டுதான் சாத்தியிருக்கேன்னு நெனச்சான். ஒரே ஒரு கொரலு, மறந்துச்சா இல்லையான்னு பாக்க.

"ஓஓ... த்தாஆஆ..."

மறக்கலையே! மந்தை பூராம் தலையைத் தூக்குச்சு. சுட்டி ஒரு தாவு தாவுச்சு. கேட்டு வண்டிக்குப் போட்டதப்பா, ஆட்டுக்கு அதுக்கு அடியில பூராம் வழிதானே? குபுகுபுன்னு நொழைஞ்சு தண்டவாளத்து மேல வருது. வளைவுல ரயிலு ஊதுது.

"போ! போ! அங்கிட்டுப் போ!"ன்னு கத்துனானாம். ஆட்டுக்கு வார்த்தையா தெரியும்? அதுக்குக் கொரலுதான் தெரியும். போ போன்னு கத்தக் கத்த, வா வான்னு நெனச்சு வந்துச்சாம். சிட்டாள் ஆட்டைத் திருப்பத் தொரட்டியோட உள்ள பாஞ்சா. அப்ப அவனுக்கு வெளங்கிருச்சு. கத்துனா பின்னால நிக்கிற ஆடும் வரும். கத்தலைன்னா தங்கச்சி தண்டவாளத்துக்கே வந்துருவா. என்ன செய்வான்? பெத்த புள்ள மாதிரி வளத்தவ.

"சிட்டாளு, வராத!"

அந்தக் கொரலுக்கு மிச்சம் நின்ன ஆடு அம்புட்டும் பாஞ்சு வந்துச்சு. அவளைச் சுத்தி ஆடு. முன்னாலயும் ஆடு, பின்னாலயும் ஆடு. நகர வழியில்லாம நடுவுல நின்னாளாம். இவனைப் பாத்துக்கிட்டே நின்னாளாம்.

ரயிலைக் கிட்டக்கப் பாத்துட்டா.

பொகை கலைஞ்சப்போ, தப்பிச்ச ஆடெல்லாம் இவனைச் சுத்தி வந்து நின்னு கையை நக்குச்சாம். சுட்டி இல்லை. அது மணி மட்டும் நாக்கு தெறிச்சுப் போயி கல்லுக்குள்ள கெடந்துச்சு. அய்யா வந்து பாத்தாரு. மகனை அடிக்கலை. ஒரு வார்த்தை ஏசலை. மகளைத் தூக்கித் துண்டால மூடுனாரு. ஆட்டை ஓட்டிப் பாத்தாரு, ஒண்ணு நகரலை.

"கூப்பிடு"ன்னாரு.

"அய்யா, என்னால ஆகாதுய்யா."

"ஆகணும். அடுத்த வண்டி வந்துரும். கூப்பிடு."

சாத்தையா உடுப்பைக் கழத்திக் கேட்டு மேல போட்டான். தங்கச்சியை வாங்கி, சின்னதுல தூக்குன மாதிரியே இடுப்போட அணைச்சுத் தூக்கிக்கிட்டான். கூப்பிட்டான். பூலாங்குடி வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே போனான். வழியில அந்தக் கொரலைக் கேட்ட பொம்பளைக பூராம் வீட்டு வாசல்ல நின்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாகளாம், என்ன ஏதுன்னு தெரியாமயே.

அதுக்குப் பெறகு அய்யா கூடத் தொரட்டியைப் பிடிச்சு நடந்து, மொறைப்படி கொரலை மாத்திக் குடுத்தான். நாளுக்கு நாள் தணிச்சுக்கிட்டே வந்தான். ஆடெல்லாம் அய்யா பக்கம் திரும்புன அன்னைக்கு வாயை மூடுனான். பெறகு சாகுற வரைக்கும் தொறக்கவே இல்லை.

திரும்பிப் போயி அதே கேட்டுல நின்னான். வேலைக்கு ஆசைப்பட்டுப் போனான்னு பேசுனவுக உண்டு. அந்த ஓட்டு வீட்டுக்குள்ள அவன் ஒரு நாளும் படுக்கலை, தெரியுமா? வெளிய வேம்படியில படுத்துக்கிட்டான், மழையோ வெயிலோ. எந்தக் கெடை வந்தாலும் தண்டவாளத்து நடுவுல போயி நின்னு, கடைசிக் குட்டி தாண்டுற வரைக்கும் கையாலயே வழி காட்டுவானாம். மழைக்காலத்துல கெடையில பிள்ளைத்தாச்சி யாரும் வந்தா, அந்த வீட்டுக் கதவைத் தொறந்து விட்டுட்டு, சுண்ணாம்பு அடிச்ச மூலையில அந்தப் பாயை விரிச்சுக் குடுத்துட்டு வெளிய வந்து நனைவானாம். நம்ம வகையறாவுல பாதிப் பேரு அந்த மூலையில பொறந்தவுகதான். என்னைப் பெத்தவளும் அங்கதான் பொறந்தா.

இப்ப அந்த வீடு இல்லை, நாம உக்காந்திருக்கிற இந்த வேம்பு இருக்கு. மேலே பாருங்க, அந்தா தொங்குதுல்ல, அதுதான் அவன் கட்டிவிட்ட சுட்டியோட மணி. நாக்கு கெடையாது. காத்தடிச்சா ஆடும், சத்தம் வராது. அதுக்குத்தான் ஊமைமணி கேட்டுன்னு பேரு. அதுக்குத்தான் நம்ம ஆளுக எவரும் இங்க மணி ஒலிக்க விடுறதில்லை, கொரல் குடுக்குறதில்லை. ரயிலுக்குப் பயந்துன்னு நெனைக்காதீங்க. அந்த மனுசன் செத்தும் வாயை மூடிக்கிட்டு இங்கயே நிக்கிறானாம். ஆட்டுமணி கேட்டா, நம்ம ஆளுக ஆட்டைக் கூப்பிடுற கொரலைக் கேட்டா, பாவம், அவனால பொறுக்க முடியாதாம்.

எல்லா மணியிலயும் சொருகியாச்சா? வண்டி போயிருச்சு, கேட்டைத் தொறந்துட்டாக. எந்திரிங்கப்பா. அங்கிட்டுப் போற வரைக்கும் பேச்சு வேணாம்.