மூணாவது மாடி ஃபேன்

இல்ல சார், உக்காருங்க. மேயரம்மாவை வாசல்ல நின்னு வரவேற்க எங்க டீச்சருங்க இருக்காங்க. மின்சாரப் பிரிவு இன்ஜினியர் நீங்க, நீங்க போய் பூச்செண்டு நீட்டணும்னு இல்ல. உங்களோட அஞ்சு நிமிஷம் பேசணும்னு மாசக்கணக்கா அலையுறேன். இன்னிக்குத்தான் மாட்டியிருக்கீங்க.

கோபமெல்லாம் இல்ல. நான் பேசுறதே இப்படித்தான். இங்க பசங்களக் கேட்டுப் பாருங்க, ஹெச்.எம். திட்டுனா கண்டுக்க மாட்டாங்க, சிரிச்சாத்தான் பயப்படுவாங்க.

இன்னிக்கு விழாவுல குடுக்கப் போற ஷீல்டு பாத்தேன், பளபளன்னு இருக்கு. மாநகராட்சியும் பள்ளியும் கைகோர்த்துன்னு போட்டிருக்கீங்க. யார் கையை யார் கோத்தா சார்? சோலார் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது எங்க மேலதிகாரி. என்னைக் கூப்பிட்டது போட்டோவுக்கு. ஓரமா நிக்கச் சொன்னாங்க, நின்னேன்.

ஊர் வளரக் கூடாதுன்னு நான் சொல்லல. பின்னால அடுக்குமாடி வந்துச்சு. குடிவந்தவங்க பிள்ளைங்கள எங்க சேப்பாங்க, இங்கதான். இடமில்லன்னேன். தகரக் கூரை போட்டு மூணாவது மாடின்னு ஒண்ண ஏத்தி விட்டீங்க. சரின்னேன். கட்டட வேலைத் தூசி வருதுன்னதும் அந்தப் பக்கத்து ஜன்னலையெல்லாம் ஆணி அடிச்சு மூடுனீங்க. அதுக்கும் சரின்னேன். அப்புறம் அந்தக் கூரை மேல சோலார் தகடு. வர்ற கரண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாதி, ஊருக்குப் பாதின்னீங்க. அன்னிக்கு மொத ஆளா கை தட்டுனது நான்தான்.

பாதிப் பாதின்னா, காலையில எங்களுக்கு, மதியம் உங்களுக்குன்னு அர்த்தமா? பசங்க சாப்பிட்டு வந்து உக்காந்ததும் மாடியில ஃபேன் நின்னுடும். ரிப்பேர்னு நெனச்சு எங்க எலெக்ட்ரீசியன் தினம் ஏணியப் போட்டு ஏறுறான், எறங்குறான். ஃபேன்ல ஒண்ணுமில்ல மேடம், கார்ப்பரேஷன் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நிறுத்துறாங்கங்கறான். அந்நேரம் அடுக்குமாடியில வீட்டுக்கு வீடு ஏசி போடுறாங்களாம், லைன் தாங்கலையாம். அதனால எங்க வகுப்புல கை வைக்கிறீங்க.

இருங்க, முடிச்சுக்கிறேன். போன் பண்ணா மீட்டிங். நேர்ல வந்தா வெளிய போயிருக்கார்ங்கறாங்க, உங்க ரூம் கதவு இடுக்குலேர்ந்து ஏசிக் காத்து சில்லுன்னு என் கால்ல படுது. ஒரே ஒரு தடவை போனை நீங்களே எடுத்தீங்க. என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? பசங்கதானே மேடம், கொஞ்சம் தாங்கிக்குவாங்கன்னீங்க. சொல்லிட்டு சிரிச்சீங்க வேற.

அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணு விழுந்துச்சு. எட்டாம் வகுப்பு. நல்லா ஓடும், மாடிப்படியில ஓடாதேன்னு நானே எத்தனையோ தடவை அதட்டியிருக்கேன். பாடம் படிக்கச் சொல்லி டீச்சர் எழுப்பியிருக்காங்க. ரெண்டு வரி ஒழுங்கா படிச்சுச்சாம். அப்புறம் என்னமோ உளறுது. விளையாடுதுன்னு பசங்க சிரிச்சிருக்காங்க. அப்படியே சரிஞ்சு கீழ விழுந்துருச்சு. ஓடிப் போய்த் தூக்குனேன் சார், உடம்பு கொதிக்குது. ஒரு சொட்டு வேர்வை இல்ல.

அவங்கம்மா தையல் வேலை செய்யுறவ. மெஷினை விட்டு எழுந்தவ அப்படியே ஓடி வந்துட்டா, அளவெடுக்கிற டேப்பு கழுத்துல தொங்குது. ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னை நாலு வார்த்தை கேப்பான்னு நின்னேன். கேக்கல. மாடியில ஃபேன் இருக்குன்னாளே எம்பொண்ணு, அப்படின்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

உசுருக்கு ஒண்ணுமில்ல, நீங்க பயப்படாதீங்க. இப்ப ஸ்கூலுக்கு வருது. செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடக்குது. சூடு மூளையைத் தாக்கியிருச்சாம். சரியாயிடும்னு டாக்டர் அடிச்சுச் சொல்ல மாட்டேங்குறாரு. நீங்க என்னன்னா, வெறும் வயித்தோட வந்த பொண்ணு மயங்கிடுச்சுன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிட்டீங்க. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? பிள்ளைக்கு சோறு போடாதவன்னு தெருவே பேசுச்சு சார். தைக்கக் குடுத்த துணியத் திருப்பி வாங்கிட்டுப் போனவங்களும் இருக்காங்க.

வருத்தப்படுறீங்களா. சரி, படுங்க. அதுக்கப்புறமாச்சும் ஃபேன் ஓடுதான்னு வந்து பாத்தீங்களா? நேத்தும் நின்னுச்சு. இன்னிக்கும் நின்னுருச்சு.

எப்படித் தெரியும்னா, சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருச்சே.

எங்க எழுந்திரிக்கிறீங்க? மேயரம்மா எப்பவோ வந்தாச்சு. இது பின்பக்கத்து ரூம், கார் வந்தா கேக்காது. கீழ ஹாலுக்குப் போகாதீங்க, அங்க யாரும் இல்ல. விழாவை மேல மாத்திட்டேன். சோலாருக்குத்தானேம்மா விழா, அந்தக் கூரைக்குக் கீழயே வச்சுக்கலாம்னு காலையில போன்ல சொன்னேன், நல்ல யோசனைன்னு அவங்களே சந்தோஷப்பட்டாங்க. எட்டாம் வகுப்பு ரூம். அவங்க நாற்காலிக்குப் பக்கத்துல அந்தப் பொண்ணோட அம்மாவை உக்கார வச்சிருக்கேன். பின்னால பூரா பெத்தவங்க. பசங்கள மட்டும் கீழ மரத்தடிக்கு அனுப்பிட்டேன்.

தாராளமா ஆபீசுக்குப் போன் பண்ணுங்க, யார் தடுத்தா? ஃபேனைப் போடச் சொல்லுங்க. மேயரம்மாவுக்குன்னா உடனே சுத்தும்னு பெத்தவங்க அத்தனை பேரும் பாக்கட்டும். போடலைன்னா, ஏன் ஓடலைன்னு மேயரம்மாவே கேப்பாங்க, அந்தம்மா பதில் சொல்லுவா. என் வேலை போயிடும்னு எனக்குத் தெரியும், அதை நீங்க சொல்ல வேண்டாம்.

யோசிச்சு முடிவு பண்ணுங்க. நான் மேல போறேன், நன்றியுரை என்னுது.