வாயாடி சிஸ்டர் பொறுமைசாலி அல்ல

மேடையில் வீற்றிருக்கும் தலைமை அறுவை மருத்துவர் அவர்களே, சக மருத்துவர்களே, பிரசவ வார்டுச் செவிலியர்களே, கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், மறைந்தவரின் கணவரான தம்பி, எல்லோருக்கும் இந்த மயக்க மருத்துவரின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த நம் செவிலியைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். வலியை வெளியே சொல்லவில்லையாம். அதனால்தான் குடல் புற்றுநோய் முற்றிவிட்டதாம். யாரைச் சொல்கிறீர்கள் ஐயா? வார்டே 'வாயாடி சிஸ்டர்' என்று கூப்பிட்டதே, அவளையா? டீ ஆறியிருந்தால் கேண்டீன்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியவள், தன் உடம்புக்கு ஒன்று என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பாளா? பச்சைப் பொய்!

சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, ஐந்தாம் மாதத்திலேயே சொன்னாள். மலத்தில் ரத்தம் போகிறது, வயிறு முறுக்குகிறது என்று இதோ இந்தத் தலைமை அறுவை மருத்துவரிடம்தான் சொன்னாள். எங்கே? நடைபாதையில்! வெளியிலிருந்து வரும் நோயாளிக்குக் கட்டில் உண்டு, திரை உண்டு. நம்ம ஆளுக்கு மட்டும் நடந்துகொண்டே வைத்தியம்.

"புள்ளத்தாச்சிக்கு மூலம் வர்றது சகஜம்மா. நிறைய தண்ணி குடி."

ரத்தம் நிற்கவில்லை. மறுபடி போனாள். முகம் வெளுத்திருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கையுறை போட்டு ஒரு தடவை சோதித்திருந்தால் விரலிலேயே கட்டி தட்டுப்பட்டிருக்கும். கூட வேலை பார்க்கிற பெண்ணை எப்படிச் சோதிப்பது என்று கூச்சமாம். உங்கள் கூச்சத்துக்கு அவள் உயிரா கிடைத்தது?

கடைசியில் அவளே வேறொரு மருத்துவமனைக்குப் போனாள். கர்ப்பிணிக்குக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கலாமா என்று இங்கே தயங்கினார்களே, அங்கே பார்த்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நோய் ஈரலுக்குப் போயிருந்தது. முன்கூட்டியே குழந்தையை எடுத்து, மருந்தை ஆரம்பித்தும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க நான் யாரோ டாக்டரம்மா. அதான் படுக்கவெச்சுப் பாத்தாங்க."

இந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடக்கவும் போவதில்லை.

அவள் பணியைத் தொடர்வோம் என்று ஆளாளுக்கு உறுதி சொன்னீர்கள். என் உறுதியைக் கேளுங்கள். கடைசி வரிசையில் நிற்கும் இளைய செவிலிக்கு ஏழாம் மாதம். அவளுக்கும் ரத்தம் போகிறது. அவள் சம்மதத்தோடுதான் சபையில் சொல்கிறேன். உங்களிடம் சொல்லப் பயந்து என்னிடம் வந்தாள்.

எழுந்திருங்கள் டாக்டர். அஞ்சலியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இவளை உங்கள் அறைக்கு அழைத்துப் போய், இப்போதே பாருங்கள். நானும் கூட வருகிறேன்.