அதிக ஓட்டு வாங்கியவர்

எனக்கு டிவி பார்க்கும் பழக்கமே கிடையாது சார். மூட்டுவலி வந்து பத்து நாள் வீட்டோடு முடங்கிக் கிடந்தபோதுதான் அந்தத் தொடர் கண்ணில் பட்டது. ஒரு பெண் தன்னந்தனியாகச் சோப்புக் கம்பெனி ஆரம்பித்து முன்னுக்கு வருகிற கதை. என் மனைவி அழுவதற்காகப் பார்ப்பாள். நான் குறிப்பெடுக்கப் பார்த்தேன். ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ‘நிர்வாகம்’ என்று எழுதி, பாகத்துக்கு ஒரு பாடமாகக் குறித்துக்கொண்டு வந்தேன். அந்த நோட்டு இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. கையெழுத்து புரியாவிட்டால் கேளுங்கள், சொல்கிறேன்.

என்னுடையது மெத்தைப் பட்டறை. மூன்று மாடி. மேலே ஃபோம் வெட்டுவார்கள், கீழே தைப்பார்கள், நடுவில் ஏற்றி இறக்கச் சரக்கு லிஃப்ட். பதினொரு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் கட்டிங் மாஸ்டர் என் மனைவியின் அண்ணன்.

பாடங்களை உடனுக்குடன் நடைமுறைப்படுத்தினேன். தலைவன் தொழிலாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு பாகத்தில் வந்தது. உட்கார்ந்தேன். அதுவரை முக்கால் மணி நேரம் கதை பேசிச் சாப்பிட்டவர்கள், பன்னிரண்டே நிமிடத்தில் வாய் திறக்காமல் முடித்து எழுந்துவிட்டார்கள். நல்ல பலன். ஒவ்வொருவரின் கனவையும் கேட்டறிய வேண்டும் என்று இன்னொரு பாகத்தில் வந்தது. தையல்கார அம்மாவைக் கேட்டேன். நாலு நாள் லீவு என்றார். கனவு என்ற தலைப்பில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு அறுபத்திரண்டாம் பாகம் வந்தது. சோப்புக் கம்பெனியில் எல்லோருக்கும் பிடித்த மேஸ்திரி ஒருவர் கொதிகலன் வெடித்து இறந்துபோகிறார். மறுநாள் தொழிலாளிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றாக நின்று, மூன்று வார வேலையை மூன்று நாளில் முடிக்கிறார்கள். என் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே, “அந்த மனுஷன் போனப்புறம்தான் அந்தப் பொண்ணுக்கு நல்ல காலமே பொறந்துச்சு” என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளை இதில் இழுக்க வேண்டாம்.

எங்களுக்கு அப்போது ஒரு ஹோட்டலிலிருந்து முந்நூறு மெத்தைக்கு ஆர்டர் வந்திருந்தது. இருபது நாள் கெடு. எட்டு நாள் போய் நாற்பதுகூட முடியவில்லை.

நான் அவசரப்படவில்லை சார். முதலில் சின்ன அளவில் செய்து பார்த்தேன். பதினெட்டு வருடம் ஓடிய தையல் மெஷின் ஒன்றுக்கு மாலை போட்டு, இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னேன். ஒருவர் கண்ணும் கலங்கவில்லை. பேக்கிங் செய்பவர் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்கு ஓடினார். மெஷின் போதாது, மனிதர்தான் வேண்டும் என்று புரிந்தது. என்னையே எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் தலைவனே போய்விட்டால், ஒன்றுகூடிய தொழிலாளிகளை வேலை வாங்க ஆள் வேண்டுமே.

யார் என்று நானாக முடிவு செய்வது நியாயமில்லை. அதனால் ஓட்டுப் போடச் சொன்னேன். நம் பட்டறையில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவர் யார் என்று சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். எல்லோருக்கும் ஒரே உற்சாகம். எண்ணிப் பார்த்ததில் பத்து ஓட்டு கட்டிங் மாஸ்டருக்கு. ஒன்று எனக்கு. அந்தச் சீட்டில் ‘மாப்பிள்ளை’ என்று எழுதியிருந்தது. என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் அங்கே ஒருவர்தான். அதைப் பார்த்தாவது மனம் மாறியிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பான்மை என்று ஒன்று இருக்கிறது சார்.

அவருக்குச் சால்வை போர்த்தி ஒரு கேடயமும் கொடுத்தேன். கூச்சத்தில் நெளிந்தார்.

மூன்றாம் மாடி லிஃப்ட் கதவில் பூட்டு கெட்டுப்போயிருந்தது. லிஃப்ட் வராமலே கதவு திறந்துகொள்ளும். ‘ரிப்பேர், திறக்காதே’ என்று அட்டை மாட்டியிருந்தோம். மறுநாள் காலையில் அட்டையைக் கழற்றிக்கொண்டு, பூட்டைச் சரிசெய்துவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். கழற்றிய அட்டையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, இன்னொரு சமயம் உதவுமே என்று என் மேஜை டிராயரில் வைத்தேன். பதினோரு மணிக்கு அவர் ஃபோம் சுருளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். சுருள் முகத்தை மறைத்தது.

“மாப்பிள்ளை, லிஃப்ட் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு மச்சான், போங்க” என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

லிஃப்ட் கீழே இருந்தது.

இரண்டு நாள் பட்டறையை மூடினோம். மூன்றாம் நாள் மணி அடிப்பதற்கு முன்பே எல்லோரும் வந்து நின்றார்கள். அவர் கடைசியாக வெட்டி வைத்த துண்டுகளை வீணாக்கக் கூடாது என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். ஒன்பது நாளில் முந்நூறும் முடிந்தது. தொடரில் காட்டியது போலவே நடந்தது. என் மனைவிதான் டிவியைப் போடுவதே இல்லை. விட்டுப்போன பாகங்களின் கதையை நானே சுருக்கிச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அப்புறம் அதே ஹோட்டலிலிருந்து அறுநூறு மெத்தைக்கு ஆர்டர் வந்தது. முதல் வாரமே வேலையில் பழைய தொய்வு. அந்தச் சமயத்தில்தான் தையல்கார அம்மா நூல்கண்டு தேடி என் டிராயரைத் திறந்தார். அந்த அட்டையை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டையும் புரட்டி, அறுபத்திரண்டாம் பாகத்துப் பாடத்தைப் படித்தார். பிறகு இருந்த இடத்திலேயே இரண்டையும் வைத்துவிட்டு, நூல்கண்டை மறந்து கீழே போய்விட்டார். அன்று சாயங்காலம் எல்லோரும் பேக்கிங் மேஜையைச் சுற்றி நின்று வெகுநேரம் பேசினார்கள். ஒற்றுமை திரும்பி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் மறுபடியும் ஓட்டுப் போடச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் யோசிக்கவே இல்லை சார். நின்றபடியே எழுதி, மடிக்காமல்கூட டப்பாவில் போட்டார்கள். நீங்கள் கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்தபோது நான் எண்ணி முடித்திருந்தேன். பத்துச் சீட்டிலும் ‘முதலாளி’ என்றுதான் இருந்தது. இத்தனை வருடமாக அவர்களுக்கு என்மேல் இவ்வளவு பாசம் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.