பேனா செருகிய கொண்டை

காலையில் பல் துலக்கும் முன்பே திருட்டுச் செய்தி படித்துவிடுகிறவன் நான், டாக்டரம்மா. வீடு புகுந்த திருட்டு அல்ல, கணினி புகுந்த திருட்டு. எந்த வங்கியின் கதவு திறந்துகிடந்தது, எந்த மருத்துவமனையின் கோப்புகளைப் பூட்டிவிட்டு மிரட்டினார்கள் என்று படித்தால்தான் எனக்குக் காபி இறங்கும். நம் லேப்பின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் என்பதால், படித்ததைச் சுருக்கி அங்கே எல்லோருக்கும் அனுப்புவேன். அதனால்தான் ரத்தம் எடுக்கும் பெண்கள் எனக்குப் 'பூட்டு' என்று பேர் வைத்தார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது உங்களுக்குத் தெரியாது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் என் அறைக் கணினியில் ஒரு விளையாட்டு விளையாடுவேன். பெரிய கம்பெனி செய்ததல்ல, இரண்டு நண்பர்கள் வீட்டில் உட்கார்ந்து செய்தது. பனி மூடிய பொட்டல் ஒன்றில் நாலைந்து பேர் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குக் கூரை, அடுப்பு, படுக்கை எல்லாம் நாம்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் மனநிலையைக் காட்டும் சின்னப் பட்டை இருக்கும். குளிர்ந்தால் குறையும், பசித்தால் குறையும், பக்கத்தில் ஒருவர் அழுதாலும் குறையும். அவர்களுக்கு நம் ஆட்களின் பேரை வைத்திருந்தேன். நீங்கள் அங்கே சமையல்காரி, மன்னிக்க வேண்டும். வரவேற்பு மேசை அக்காவும் இருந்தார்.

அக்காவின் உருவம் மட்டும் அவரைப்போல் அமையவில்லை. நிஜத்தில் அவர் கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதை மறந்துவிட்டுப் பேனாவைத் தேடி மேசையையே கவிழ்ப்பார். விளையாட்டிலோ கொண்டையே கிடையாது. ரசிகர்கள் எழுதிப் பகிரும் கூடுதல் பகுதிகளை அதில் சேர்த்துக்கொள்ளலாம். மோட் என்பார்கள். விதவிதமான தலை அலங்காரம் தரும் மோட் ஒன்று ஏதோ ஒரு தளத்தில் கண்ணில் பட்டது. இறக்கப் போனபோது நம் பாதுகாப்பு மென்பொருள் குறுக்கே வந்து தடுத்தது. இப்படிப்பட்ட மோட்களுக்குள் திருடர்கள் விஷம் வைக்கிறார்கள் என்று அன்று காலைதான் படித்திருந்தேன். உங்களுக்கெல்லாம் எச்சரிக்கையும் அனுப்பியிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம். பாதுகாப்பை அணைத்துவிட்டு இறக்கினேன். கொண்டை அச்சு அசலாக வந்தது, பேனா உட்பட.

மறுநாள் எல்லாத் திரையிலும் பணம் கேட்டு ஒரே சிவப்பு அறிவிப்பு. ஒரு ரிப்போர்ட்டையும் திறக்க முடியவில்லை. முன்கூடத்தில் நோயாளிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும்படி என்னிடம் சொன்னீர்கள். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். முதல் வேலையாக என் கணினியில் அந்த மோட் இறங்கிய தடயத்தைத் துடைத்தேன்.

அதற்குச் சில வாரம் முன்பு, யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க பார்சல் வந்திருப்பதாக நானே ஒரு போலி மெயில் அனுப்பிச் சோதித்தேன், நினைவிருக்கும். அதிலிருந்த லிங்க்கை அமுக்கி மாட்டியவர் அக்கா ஒருவர்தான். லேப்பே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். ஆகவே அன்று எல்லோர் கண்ணும் தானாகவே அவர் மேசைப் பக்கம் போனது. நான் யாருடைய கண்ணையும் திருப்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அருகில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

"அக்கா, நேத்து ஏதாவது மெயில்ல லிங்க்கை அமுக்கினீங்களா?"

"இல்லப்பா. அமுக்கலன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, நிச்சயமா தெரியுமா?"

அவர் கை தானாகக் கொண்டைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டது. "ஒரு மெயிலைத் தொறந்தேன். அமுக்கினேனான்னு…"

"அமுக்கினவங்க யாருக்கும் ஞாபகம் இருக்காதுக்கா. அது உங்க தப்பு இல்ல."

பேனாவை உருவி மேசைமேல் வைத்தார். பிறகு, "அப்போ நான்தான்" என்றார்.

நான் ஒருமுறைகூட 'நீங்கள்தான்' என்று சொல்லவில்லை. அவரே உங்கள் அறைக்கு வந்து அழுதார், அவரே வேலையை விட்டுப் போனார். போலீஸ் வேண்டாம் என்று நான்தான் உங்களிடம் மன்றாடினேன். அதற்காக அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தக் கையை நான் விலக்கிக்கொள்ளவில்லை.

விளையாட்டில் ஒருவரை வெளியேற்றினால் மற்றவர்களின் பட்டை சில நாள் தாழ்ந்திருக்கும், பிறகு ஏறிவிடும். நம் லேப்பிலும் அப்படியே ஆனது. அதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பிறகு அக்கா எந்தச் செய்தியையும் என்னைக் கேட்காமல் திறப்பதில்லை. மகளின் பள்ளியிலிருந்து வந்தால்கூட எனக்குப் போன் செய்வார். நான் சலிக்காமல் பதில் சொல்வேன். போன வாரமும் அழைத்தார். ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து மெயில் வந்திருக்கிறதாம், நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்களாம். வாசிக்கச் சொன்னேன். பழைய இடத்தில் விசாரித்துக்கொள்வோம் என்று ஒரு வரி இருந்தது. விசாரித்தால் நீங்கள் பழையதைக் கிளறுவீர்கள், வெளியாட்கள் வந்து கணினிகளைச் சோதிப்பார்கள், நான் மாட்டிக்கொள்வேன்.

"போலிக்கா. அழிச்சிடுங்க" என்றேன்.

"நல்லவேளை, உன்னக் கேட்டேன்" என்றார். அழித்துவிட்டார்.

நிஜமான மெயில்தான். அந்த மருத்துவமனைக்காரர்கள், ஏன் பதில் வரவில்லை என்று உங்களிடமே கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் அக்காவிடம் கேட்டீர்கள், அவர் கள்ளமில்லாமல் என் பேரைச் சொன்னார். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு, "ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டீர்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். விஷத்தை உள்ளே கொண்டுவந்தவன் நான். அதை அக்காவின் தலையில் கட்டியவன் நான். தன்னையே நம்பாதபடி அவரை ஆக்கிவிட்டு, தேடி வந்த வேலையையும் கெடுத்தவன் நான். உங்கள் முகத்தையே பார்க்க முடியவில்லை, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன். நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்லும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், டாக்டரம்மா. அந்த விளையாட்டில் அவரை நான் வெளியேற்றவில்லை. அடுப்பை ஒட்டிய அறை அவருடையதுதான், கொண்டையும் அப்படியே இருக்கிறது. அக்காவை அங்கே நான் ஒருநாளும் குளிரில் விட்டதில்லை.