பிரிக்கக் கூடாத கவர்

ஹலோ... ஆமா, ஆய்வு நடத்துற ஹார்ட் டாக்டர்தான் பேசுறேன்... ஓ, அக்கா, நீங்களா! இந்த வாரத்துல இது நாலாவது தடவை... ஆமா ஆமா, என்ன கேக்கப் போறீங்கன்னும் தெரியும். உங்க வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வச்சோமா, வைக்கலையா. அதானே?... தெரியாதுக்கா... சத்தியமா... அட, எனக்கே தெரியாது!

இல்லக்கா... கேளுங்க... பாதி பேருக்கு ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வைப்போம், மீதிப் பேருக்குக் கை வழியா டியூபை விட்டுட்டு சும்மா எடுத்துருவோம், மாத்திரை மட்டும் தொடரும்னு படிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்கினேன்?... அதேதான். யாருக்கு எதுன்னு உள்ள நின்னவங்களுக்குத் தெரியும், சீல் வச்ச கவருக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா ஒருதலைப்பட்சமா எழுதிருவேனாம்... யாரு சொன்னதா? நானேதான். நான் போட்ட விதி என்னையே கட்டிப் போட்டுருச்சு... சிரிக்காதீங்க.

என்ன, அண்ணனுக்கும் உங்க தம்பிக்கும் இதுல பந்தயமா?... தோத்தவங்க மீசைய எடுக்கணுமா?... நாலு வருஷ ஆராய்ச்சிய ரெண்டு மீசையில கொண்டுவந்து மாட்டிட்டீங்களேக்கா!... இல்ல, பிரிக்க முடியாது. ஆய்வு முடிய இன்னும் ஒன்பதே நாள், அண்ணன்தான் கடைசி ஆள்... ம்ம்... உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உடனே பிரிக்கலாம். நெஞ்சு வலி, வேர்வை, அப்படி ஏதாவது...

என்ன?... வலியா? இப்பவா?... வேர்வையும் கொட்டுதா?... அக்கா, நான் சொன்ன அதே வரிசையில ஒப்பிக்கிறீங்க. பொய்தானே?... நினைச்சேன்! ஆனா வலின்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா விட மாட்டேன். ஆளை வரவழைச்சு, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, பன்னெண்டு பக்கம் படிவம்... வேணாமா? அப்ப போனை அவர்கிட்டக் குடுங்க. அவர் வாயாலயே கேட்டுக்கிறேன்.

அண்ணே, வணக்கம்... அக்கா கதைய விடுங்க, நீங்க எப்படி இருக்கீங்க?... சரி... சரி... ஏன் மெதுவாப் பேசுறீங்க?... அக்காவுக்குக் கேக்கக் கூடாதா?... நிஜமாவே வலிக்குதா? எப்பலேருந்து?... முந்தாநாளா! சும்மா உக்காந்திருக்கும்போதுமா?... ஏண்ணே சொல்லல?... என்னது... என் ஆய்வு கெட்டுருமேன்னா?

அண்ணே...

ஆமா, கோவம்தான். உங்க மேல இல்ல, என் மேல. பாக்கும்போதெல்லாம் இன்னும் எத்தனை நாள்னு உங்ககிட்ட எண்ணிக்கிட்டே இருந்தேன், வலிச்சா வந்துருங்கன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்... கெட்டாக் கெட்டுப் போகட்டும்ணே. அப்படியே உக்காருங்க. மாடியிலேருந்து இறங்காதீங்க, ஆம்புலன்ஸ் ஆளுங்க மேல வந்து தூக்கிக்குவாங்க. கவரை இப்பவே பிரிக்கச் சொல்றேன்... அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன், குடுங்க.

அக்கா, பதறாதீங்க... உண்மைதான்... ஐயோ, இல்ல, நீங்க வாய் வச்சதால வரல! நீங்க அந்தப் பொய்யைச் சொல்லலைன்னா நான் அவர்கிட்டப் பேசியிருக்கவே மாட்டேன்... அழாதீங்க. கதவைத் திறந்து வைங்க... ஆமா, ஆஸ்பத்திரி வாசல்ல நானே நிப்பேன்... போனை வைங்கக்கா. போய் அவர் பக்கத்துல உக்காருங்க.