சூடாகாத டப்பா

மதியம் சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறிய இருவர் என் எதிரில் உட்கார்ந்தார்கள். பட்டறைக்காரர் போலிருந்தவர் மடியில் ஒரு கறுப்பு டப்பா இருந்தது.

“சூடாக மாட்டேங்குன்னு வாபஸ் குடுத்துட்டாங்க வே” என்றார் அவர், நண்பரிடம். விநோதமான புகார்தான். என் காது அங்கேயே போய் நின்றுவிட்டது.

“என்னது பாய் அது?”

“கல்யாண்ல ஒருத்தர் பழைய காலத்துக் கம்ப்யூட்டர் வச்சிருக்காரு. அதோட பவர் சப்ளை போயிட்டு. எங்கயும் கிடைக்கல, நானே ஒண்ணு செஞ்சு குடுத்தேன்.”

“சூடாகலன்னா நல்லதுல்லா?”

“நானும் அதத்தான் சொன்னேன். அவருக்கு இப்பம் கண்ணு தெரியாதாம். டப்பாவைத் தொட்டுப் பார்ப்பாராம். சூடா இருந்தா கரண்ட் வந்துட்டுன்னு டைப் பண்ண ஆரம்பிப்பாராம். என்னுது சூடாகலயா, கரண்ட் இல்லன்னு நினைச்சு நாள் முழுக்கச் சும்மாவே உட்கார்ந்திருக்காரு. மக வேலை முடிஞ்சு வந்த பொறவுதான் தெரிஞ்சிருக்கு.”

வண்டி விக்ரோலியில் நின்று கிளம்பியது.

“இப்பம் என்ன செஞ்சீரு?”

“உள்ள ஒரு ரெசிஸ்டர் வச்சேன். அதுக்கு வேற சோலி கிடையாது. சும்மா சூடாகும், அவ்வளவுதான்.”

“கரண்ட் வீணால்லா போகும்?”

“போட்டும் வே” என்றார் பாய்.